டப்ளினில் ஒரு பள்ளி, ஐம்பது வீட்டு மொழிகள்

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்கு மேற்கே பிளாஞ்சர்ட்ஸ்டவுன் என்று ஒரு புறநகர் இருக்கிறது. அங்கே ஸ்கோல் வ்ரீட என்ற பெண்கள் தொடக்கப் பள்ளி. பிரிஜித் என்ற புனிதையின் பெயரில் நடக்கும் கத்தோலிக்கப் பள்ளி அது. 2010களின் நடுவில் அங்கே சுமார் 320 சிறுமிகள் படித்தார்கள். அவர்களில் ஐந்தில் நான்கு பேரின் வீட்டில் ஆங்கிலமும் பேசுவதில்லை, ஐரிஷும் பேசுவதில்லை. நாலரை வயதில் பள்ளிக்குள் கால் வைக்கும்போது பெரும்பாலானோருக்கு ஆங்கிலமே தெரியாது. அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழிகளைக் கணக்கெடுத்தால் ஐம்பதைத் தாண்டியது: போலிஷ், ருமேனியன், லிதுவேனியன், ரஷ்யன், அரபு, யொரூபா, இக்போ, தகாலொக், மலையாளம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

இப்படி ஒரு பள்ளியில் பன்மைப் பண்பாட்டுத் திட்டம் என்றால் நமக்கு என்ன தோன்றும்? வருடத்தில் ஒரு நாள் விழா. ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊர் உடையில் வரும், அம்மாக்கள் ஆளுக்கொரு பதார்த்தம் செய்து எடுத்து வருவார்கள், சுவர் முழுக்கக் கொடிகள். மறுநாள் கொடிகளைக் கழற்றி வைத்துவிட்டு வழக்கமான பாடம் நடக்கும். அந்த விழாக்களை நான் குறை சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு அது சந்தோஷம்தான். ஆனால் ஸ்கோல் வ்ரீட செய்தது வேறு. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில், கணக்குப் பாடத்தின் நடுவில், நான்கு வயதுப் பிள்ளையின் யொரூபா மொழிக்கு வகுப்பில் இடம் கொடுத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை விடாமல் செய்தது. இந்த வேலைக்குக் கூடுதல் பாடவேளையோ தனி ஆசிரியரோ தேவைப்படவில்லை. அதனால்தான் இந்தப் பள்ளியைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

பள்ளிக்கு வெளியே நடந்தது

அயர்லாந்து நெடுங்காலம் ஆட்களை வெளியே அனுப்பிய நாடு. 1840களின் பஞ்சத்தில் தொடங்கி 1980கள் வரை அங்கிருந்து கப்பலேறியவர்கள்தான் அதிகம். 1990களின் நடுவில் பொருளாதாரம் ஏறியதும் நிலைமை தலைகீழானது. மருத்துவமனைகளுக்குக் கேரளத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் செவிலியர் வந்தார்கள், நைஜீரியாவிலிருந்தும் காங்கோவிலிருந்தும் அடைக்கலம் தேடி வந்தவர்கள் உண்டு. 2004இல் போலந்து, லிதுவேனியா, லாத்வியா உள்ளிட்ட பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது அயர்லாந்து தன் வேலைச் சந்தையை அவர்களுக்கு உடனே திறந்துவிட்டது. வாடகை கொஞ்சம் கட்டுப்படியாகும் மேற்கு டப்ளினில் பலர் குடியேறினார்கள். ஸ்கோல் வ்ரீட பள்ளியில் 1990களின் நடுவில் ஒன்றிரண்டு பேராக வரத் தொடங்கிய வெளிநாட்டுப் பிள்ளைகள் பத்து, பதினைந்து வருடங்களில் பெரும்பான்மையானார்கள்.

எல்லா ஊரிலும் இது சுமுகமாக நடக்கவில்லை. அந்த நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் பத்துக்கு ஒன்பது கத்தோலிக்கத் திருச்சபையின் நிர்வாகத்தில் இருந்தவை. இடம் போதாத பள்ளிகளில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளுக்கே முன்னுரிமை. 2007இல் டப்ளினுக்கு வடக்கே பால்பிரிகன் என்ற ஊரில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காக அவசர அவசரமாக ஒரு புதுப் பள்ளி திறக்க வேண்டி வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாருமே ஆப்பிரிக்க வம்சாவளிப் பிள்ளைகள். யாரும் திட்டம் போட்டுப் பிரிக்கவில்லை, ஆனாலும் பிரிந்துவிட்டார்கள். கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில் அந்த முன்னுரிமையை நீக்கும் சட்டம் 2018இல்தான் வந்தது.

ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கு அரசு கொடுத்தது ஆங்கில உதவி ஆசிரியர்களை. வகுப்பிலிருந்து பிள்ளையைக் கொஞ்ச நேரம் தனியே அழைத்துப் போய் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடம், அதோடு சரி. விளையாட்டு மைதானத்தில் பேசும் ஆங்கிலம் ஒன்றிரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப் புத்தகத்தின் ஆங்கிலம் கைவர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும் என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் போன்றவர்கள் 1980களிலேயே காட்டியிருந்தார்கள். இரண்டு வருடத்தில் உதவி நின்றால், ஆங்கிலம் சரளமாகப் பேசுகிற, ஆனால் பாடம் புரியாத பிள்ளைதான் மிஞ்சும். அந்தப் பிள்ளையின் சிக்கல் யார் கண்ணுக்கும் தெரியாது, அதுதான் கொடுமை.

தடை இல்லை என்ற முடிவு

1987 முதல் 2015 வரை ஸ்கோல் வ்ரீட பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர் டீர்ட்ர கிர்வன். அவர் எடுத்த முக்கிய முடிவை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: வகுப்புக்குள்ளும் வெளியிலும் பிள்ளைகள் எந்த மொழியிலும் பேசலாம், தடை இல்லை.

இந்த முடிவுக்கு அவர் ஆதாரமாகக் கொண்டது 1999இல் வந்த அயர்லாந்தின் தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தைத்தான். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து கற்பித்தல் தொடங்க வேண்டும் என்றது அந்தப் பாடத்திட்டம். எல்லா நாட்டுப் பாடத்திட்டமும் இப்படிச் சொல்லும். ஆனால் நான்கு வயதுப் போலிஷ் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த எல்லாமே போலிஷில்தானே இருக்கிறது? அதை வாசலில் விட்டுவிட்டு வா என்று சொன்னால் தெரிந்ததிலிருந்து எப்படித் தொடங்குவது?

டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் மொழியியலாளர் டேவிட் லிட்டில் இதற்கு இன்னொரு பக்கத்தைச் சேர்த்தார். கிர்வன் அவரிடம்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். ஒரு பிள்ளை தனக்குள் பேசிக்கொள்வது வீட்டு மொழியில். வாயை மூடச் சொல்லலாம், மனதுக்குள் ஓடுவதை எந்த டீச்சராலும் நிறுத்த முடியாது. தடை போட்டால் அந்தப் பிள்ளை யோசிக்கும் கருவியைத்தான் பறிக்கிறோம், கூடவே அவள் யார் என்பதையும் மறைக்கச் சொல்கிறோம். எனக்கு இந்த வாதத்தில் மறுக்க எதுவும் கிடைக்கவில்லை.

இங்கே அயர்லாந்தின் சொந்த வரலாற்றைச் சொல்லாமல் நகர முடியாது. 19ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டின் பல பகுதிகளில் ஐரிஷ் பேசும் பிள்ளைகளின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டிவிடுவார்கள். ஐரிஷ் பேசும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வெட்டு. நாள் முடிவில் வெட்டுகளை எண்ணி அத்தனை அடி. பள்ளி மட்டும் இதைச் செய்யவில்லை, பெற்றோரும் கூடச் சேர்ந்து வெட்டினார்கள். பஞ்சம் வந்தால் கப்பலேற வேண்டும், கப்பலேறினால் ஆங்கிலம் வேண்டும் என்ற பயம். நான் படித்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் கழுத்தில் குச்சி இல்லை, தமிழ் பேசினால் இரண்டு ரூபாய் அபராதம். வகுப்புத் தலைவி ஒரு நோட்டில் பெயர் எழுதுவாள். வீட்டில் சொன்னால் ‘ஃபீஸ் கட்டுவதே அதுக்குத்தானே’ என்று அம்மா காசைக் கொடுத்து அனுப்புவார். பெற்றோர் எப்படித் தங்கள் மொழியில் தாங்களே வெட்டு விழ வைத்தார்கள் என்பது எனக்கு அதனால் நன்றாகவே புரிகிறது.

வகுப்பில் உண்மையில் என்ன நடந்தது

வீட்டு மொழி வகுப்பில் மூன்று விதமாகப் புழங்கியது என்று கிர்வனும் லிட்டிலும் பிரித்துச் சொல்கிறார்கள்.

முதலாவது எளிது. ஒரே மொழி பேசும் இரண்டு பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. நேற்று வந்த பிள்ளைக்குப் போன வருடம் வந்த பிள்ளை, டீச்சர் என்ன சொன்னார் என்று விளக்குவது இதில் அடங்கும்.

இரண்டாவது, தன் மொழியை வகுப்புக்குக் காட்டுவது. ஒன்று முதல் ஐந்து வரை ஆங்கிலத்தில் எண்ணியாயிற்று, ஐரிஷில் எண்ணியாயிற்று, அப்புறம் யார் வீட்டு மொழியில் எண்ணிக் காட்டுகிறீர்கள் என்று டீச்சர் கேட்பார். ஒரு பிள்ளை எழுந்து எண்ணும், மற்ற எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள். கிழமைகள், நிறங்கள், உடல் உறுப்புகள், இன்றைய வானிலை எல்லாம் இப்படியே. ஆங்கிலத்தில் இன்னும் வாய் திறக்காத பிள்ளை அந்த ஒரு நிமிடம் வகுப்புக்கே டீச்சர். அந்த ஒரு நிமிடத்தை லேசாக எண்ணிவிட முடியாது. புது நாட்டில், புது மொழியில் நாள் முழுக்க ‘தெரியாதவள்’ என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, தன்னிடம் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று தெரிவது எவ்வளவு பெரிய விஷயம்!

மூன்றாவதுதான் ஆழமானது. பாடத்தைப் புரிந்துகொள்ளும் கருவியாகவே வீட்டு மொழி வேலை செய்வது. இதை விளங்கிக்கொள்ள நானே ஒரு உதாரணம் போட்டுப் பார்த்தேன். வடிவியல் பாடம், ஏழு பக்கங்கள் கொண்ட உருவத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஹெப்டகன்’. இந்தச் சொல்லைப் பிள்ளை எப்படி நினைவில் வைக்கும்? வகுப்பில் ஏழு என்பதைக் கேட்டுப் பார்ப்போம். ருமேனியச் சிறுமி ‘ஷாப்தெ’ என்பாள். லிதுவேனியச் சிறுமி ‘செப்தினி’. போலிஷில் ‘ஷெதெம்’, ஸ்பானிஷில் ‘சியெத்தெ’, பிரெஞ்சில் ‘செத்’, ஐரிஷில் ‘ஷாக்த்’. இந்தி பேசும் வீட்டுப் பிள்ளை ‘சாத்’ என்பாள். பலகையில் எழுதிப் பார்த்தால் எல்லாம் அக்கா தங்கைகள் மாதிரி இருக்கும். கிரேக்கத்தில் முதல் ‘ச’ தேய்ந்து ‘ஹ’ ஆகி ‘ஹெப்தா’ ஆனது என்று டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஹெப்டகனை அந்த வகுப்பு மறக்காது. அப்போது தகாலொக் பேசும் பிள்ளை ‘எங்க வீட்டில் பிதோ’ என்பாள், யொரூபா பிள்ளை ‘மேஜே’ என்பாள், மலையாளச் சிறுமி ‘ஏழு’ என்பாள். ஏன் இவை மட்டும் சேரவில்லை? மொழிகளுக்குக் குடும்பங்கள் உண்டு என்ற பாடம் அங்கே தானாக வந்து நிற்கும். ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் இதற்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம்.

ஆசிரியர்களுக்கு உடனே ஒரு பயம் வரும். எனக்கு யொரூபா தெரியாதே, பிள்ளை தப்பாகச் சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது? கெட்ட வார்த்தை சொன்னால்? என்னைக் கிண்டல் செய்தால்? நியாயமான பயம்தான். ஐம்பது மொழியை எந்த ஆசிரியராலும் கற்க முடியாது. ஸ்கோல் வ்ரீட இதற்குக் கண்ட வழி, கற்கத் தேவையில்லை என்று ஏற்றுக்கொண்டது. பாடம் என்ன, எதற்காகக் கேட்கிறோம் என்பது ஆசிரியர் கையில் இருக்கிறது. மொழி பிள்ளையின் கையில் இருக்கிறது. ‘உன் மொழியில் இதற்கு என்ன? அது வேறு எதைப் போல ஒலிக்கிறது?’ என்று கேட்க ஆசிரியருக்கு அந்த மொழி தெரிய வேண்டியதில்லை. எல்லாம் தெரிந்தவராக நின்று பழகியவர் தெரியாதவராக நிற்கப் பழக வேண்டும். கஷ்டம் அங்கேதான். அதனால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று கிர்வன் யாருக்கும் சூத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்புக்கு ஏற்ற வழியைத் தானே கண்டுபிடிக்க விட்டார்.

ஐரிஷ் கதை

இந்தப் பள்ளியின் கதையில் என்னை மிகவும் நெகிழ வைத்தது ஐரிஷ் மொழிக்கு நடந்தது.

அயர்லாந்து அரசியல் சட்டத்தின்படி ஐரிஷ்தான் முதல் ஆட்சி மொழி. 1922இல் விடுதலை கிடைத்ததிலிருந்து பள்ளியில் கட்டாயப் பாடம். ஆனால் 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்றவர்கள் சுமார் 18.7 லட்சம் பேர். அவர்களில் பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72,000 பேர் மட்டுமே. நூறு வருடம் கட்டாயமாகப் படித்தும் மொழி வாய்க்கு வரவில்லை. ‘பதினான்கு வருடம் ஐரிஷ் படித்தேன், ஒரு வாக்கியம் பேச வராது’ என்று சொல்லும் ஐரிஷ்காரர்கள் ஏராளம்.

புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் சுமை, ஆங்கிலமே வராதபோது ஐரிஷ் எதற்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். கொஞ்சம் பெரிய வயதில் நாட்டுக்கு வந்து சேரும் பிள்ளைகளுக்கு ஐரிஷ் படிப்பதிலிருந்து விலக்கும் உண்டு. ஆனால் ஸ்கோல் வ்ரீட வகுப்பில் நடந்தது நேர்மாறு. ஐரிஷ் பாடத்தில் எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கினார்கள். யார் வீட்டிலும் ஐரிஷ் பேசுவதில்லை, ஆகவே யாரும் பின்தங்கியவர் இல்லை. ஏற்கெனவே இரண்டு மொழிகளைச் சமாளிக்கும் பிள்ளைக்கு மூன்றாவது ஒரு விளையாட்டு. ஆசிரியர்கள் ஐரிஷைப் பாடவேளைக்குள் அடைத்து வைக்காமல், கதவைச் சாத்து, வரிசையில் நில், மழை பெய்கிறது என்று நாள் முழுக்கத் தூவினார்கள்.

மொழியின் அமைப்பும் சேர்ந்து உதவும். ஐரிஷில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று தனிச் சொற்கள் கிடையாது. ‘புரிகிறதா?’ என்றால் ‘புரிகிறது’ என்று வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இது விசித்திரம். சீன மொழி பேசும் பிள்ளைக்கு இது வீட்டுப் பழக்கம், அங்கேயும் வினையைத்தான் திருப்பிச் சொல்வார்கள். நமக்கும் இது பழக்கம்தானே?

இன்னொன்றும் நடந்தது. ஆங்கிலம் மட்டுமே பேசும் ஐரிஷ் குடும்பத்துச் சிறுமிகள் சுற்றிலும் பார்த்தார்கள். எல்லாரிடமும் ஆங்கிலத்தைத் தவிர இன்னொரு மொழி இருக்கிறது, நம்மிடம் என்ன இருக்கிறது? ஐரிஷ் இருக்கிறது. பாட்டன்மார் கழுத்தில் குச்சி கட்டி விடவைத்த மொழி, நைஜீரியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த தோழிகளின் நடுவில் உட்கார்ந்தபோது அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தமானது. யாரும் சொல்லாமலே ஐரிஷில் நாட்குறிப்பு எழுதிய பிள்ளைகளும் இந்தப் பள்ளியில் இருந்தார்கள்.

பன்மைப் பண்பாடு என்பது வந்தவர்களுக்குச் செய்யும் உபகாரம் என்று நினைக்கிறோம். இங்கே பெரிதாகப் பெற்றவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள். வேற்று மொழிப் பிள்ளைகள் வகுப்புக்குக் கூடுதல் வளம் என்று சொல்வதை நான் இந்தப் பொருளில்தான் எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலம் தெரியாதது ஒரு குறை, அதைச் சரிசெய்ய இரண்டு வருட உதவி என்று அரசுத் திட்டம் பார்த்த அதே பிள்ளை, இந்தப் பள்ளியில் மற்ற முப்பது பேருக்கு எதையோ கொண்டுவந்த பிள்ளை.

வீடும் எழுத்தும்

புலம்பெயர்ந்த பெற்றோர் பலர் ‘நாங்கள் வீட்டிலும் ஆங்கிலமே பேசிவிடுகிறோம்’ என்று சொல்வார்கள். பிள்ளைக்கு நல்லது என்று நம்பித்தான். கிர்வன் சேர்க்கையின்போதே வேண்டாம் என்று கேட்டுக்கொள்வார், வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள், கதை சொல்லுங்கள், முடிந்தால் எழுதப் படிக்கவும் சொல்லிக் கொடுங்கள் என்று. ஆங்கிலத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும், உங்கள் மொழியை எங்களால் தர முடியாது, உங்களால்தான் முடியும். தலைமையாசிரியர் வாயிலிருந்து இதைக் கேட்கும் ஒரு தாயின் முகத்தை என்னால் கற்பனை செய்ய முடிகிறது.

வெறும் வாய்ப்பேச்சாகவும் இதை விடவில்லை. பள்ளியில் நடத்திய சொற்கள் ஒரு தாளில் வீட்டுக்குப் போகும். ஆங்கிலச் சொல் இருக்கும், பக்கத்தில் வீட்டு மொழிக்கு இடம் காலியாக இருக்கும். அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு உட்கார்ந்து அதை நிரப்ப வேண்டும். மறுநாள் அது வகுப்புச் சுவரில் ஏறும். ஆங்கிலம் தெரியாததால் பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு உதவ முடியாமல் இருந்த தாய், இப்போது அவள் இல்லாமல் வீட்டுப்பாடமே முடியாது என்ற நிலைக்கு வருகிறாள்.

ஆறேழு வயதிலிருந்து பிள்ளைகள் ஒரே விஷயத்தை ஆங்கிலத்திலும் வீட்டு மொழியிலும் எழுதத் தொடங்குவார்கள். ஐரிஷ் அதோடு சேரும், கடைசி இரண்டு வருடம் பிரெஞ்சும் சேரும். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டுப் போகும்போது நான்கு மொழியில் ஒரு பக்கம் எழுதும் பிள்ளைகள் இருந்தார்கள். பல மொழிகளைக் கலந்து ஃபேஷன் ஷோ வர்ணனை எழுதியவர்களும் உண்டு.

கனடாவில் டொரொன்டோவுக்குப் பக்கத்தில் மிசிசாகா நகரத்தின் தொடக்கப் பள்ளி ஒன்றிலும் 1990களின் கடைசியில் இதே போன்ற வேலை தொடங்கியது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் வீட்டு மொழியிலும் தாங்களே கதைப் புத்தகம் எழுதினார்கள், மொழிபெயர்ப்பில் பெற்றோர் உதவினார்கள். அங்கே எழுத்துதான் மையம். டப்ளினில் எழுத்து பேச்சிலிருந்து மெதுவாக முளைத்தது. எனக்கு டப்ளின் வழி அதிகம் பிடிக்கிறது, ஏனென்றால் எழுத்து இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அதில் இடம் இருக்கிறது.

பலன், அப்புறம் சில சந்தேகங்கள்

மொழிகளுக்கு இவ்வளவு நேரம் கொடுத்தால் ஆங்கிலமும் கணக்கும் என்ன ஆகும்? அயர்லாந்தில் ஆண்டுதோறும் ஆங்கில வாசிப்புக்கும் கணக்குக்கும் நாடு முழுக்கத் தரப்படுத்திய தேர்வுகள் உண்டு. அவற்றில் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் தொடர்ந்து தேசிய சராசரியை ஒட்டியோ அதற்கு மேலோ நின்றார்கள். இத்தனைக்கும் ஐந்தில் நான்கு பேர் ஆங்கிலம் இல்லாத வீட்டிலிருந்து வந்த பள்ளி. கிர்வனும் லிட்டிலும் சேர்ந்து இந்த அனுபவம் முழுவதையும் 2019இல் புத்தகமாக எழுதினார்கள்.

ஆனாலும் இதை அப்படியே நகலெடுக்கும் முன் சில விஷயங்களை யோசிக்க வேண்டும். இது ஒரே ஒரு பள்ளி. ஒப்பிட்டுப் பார்க்க, அதே பகுதியில் அதே மாதிரிப் பிள்ளைகளோடு தடை போட்ட பள்ளி ஒன்றைப் பக்கத்தில் வைத்து அளக்கவில்லை. ஆய்வு செய்தவரே தலைமையாசிரியர், தன் பள்ளியைத் தானே பார்த்து எழுதியிருக்கிறார். 28 வருடம் ஒரே தலைமை இருந்த பள்ளி. மூன்று வருடத்துக்கு ஒரு முறை தலைமையாசிரியர் மாறும் பள்ளியில் இது வேரூன்றுமா? மேலும் பெண் பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளி.

எனக்குள்ள பெரிய சந்தேகம் வேறு. எல்லா வீட்டு மொழிக்கும் ஒரே பலம் கிடையாது. போலிஷுக்குப் புத்தகம் இருக்கிறது, சனிக்கிழமைப் பள்ளி இருக்கிறது, வகுப்பில் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். நைஜீரியாவின் சிறு மொழி ஒன்றைப் பேசும் வீட்டில் பெற்றோரே அந்த மொழியில் எழுதப் படிக்காதவர்களாக இருப்பார்கள், அவர்கள் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். அந்தப் பிள்ளையின் தாளில் காலியிடத்தை யார் நிரப்புவது? வீட்டு மொழியில் எழுதியதைத் திருத்த ஆளில்லை என்பதும் உண்மை. எழுத்துப் பிழையோடு ஒரு பிள்ளை பெருமையாக எழுதிக் கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்று பள்ளி முடிவு செய்தது. நான் அந்த முடிவின் பக்கம்தான். பிழையோடு எழுதப்படும் மொழி, எழுதவே படாத மொழியைவிட நன்றாக வாழும்.

அரசுத் தரப்பிலும் அசைவு தெரிகிறது. 2015இல் தொடங்கி 2019இல் முழுமையான அயர்லாந்தின் புதிய தொடக்கப் பள்ளி மொழிப் பாடத்திட்டம், பிள்ளைகளின் வீட்டு மொழிகளைக் கற்றலின் பகுதியாகவே பார்க்கச் சொல்கிறது.

நம் பக்கத்து வகுப்புகள்

டப்ளின் தூரமாகத் தெரியலாம். ஆனால் திருப்பூர், கோவை, சென்னையைச் சுற்றிய அரசுப் பள்ளிகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை அவர்களுக்குத் தமிழ் கட்டாயம். வீட்டில் யாரும் பேசாத மொழி, பள்ளியில் கட்டாயம், ஊரில் வாழத் தேவை. தமிழ் அவர்களுக்குச் சுமையாவதும் சொந்தமாவதும், வகுப்பில் அவர்கள் மொழிக்கு ஒரு நிமிடம் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தது என்று டப்ளின் அனுபவத்தைப் படித்தபின் உறுதியாக நினைக்கிறேன்.

செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பெற்றோர் பலர் எழுதப் படிக்காதவர்கள், தாளை அனுப்பினால் காலியாகவே திரும்பி வரும். தாளுக்குப் பதில் போன் போதும். அன்றைய ஏழெட்டுச் சொற்களை அம்மா தன் மொழியில் சொல்லிப் பதிவு செய்து அனுப்பட்டும், வகுப்பில் போட்டுக் கேட்கலாம். முதல் வாரத்துக்கு எண்களே போதும். தமிழ்ப் பிள்ளை ‘ஏழு’ என்று சொல்லட்டும், தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை ‘ஏடு’ என்று சொல்லட்டும். பீகார்ச் சிறுவன் ‘சாத்’, ஒடிசாச் சிறுமி ‘சாத’, வங்காளத்துப் பிள்ளை ‘ஷாத்’. டீச்சர் ஐந்தையும் பலகையில் எழுதிவிட்டு, எதெல்லாம் ஒரு வீட்டைச் சேர்ந்தவை என்று பிள்ளைகளைக் கேட்கட்டும்.